புல்தரையா, ஜல்லியா, ஆவாரையா? தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுத் தோட்டத்துக்கு எது தாங்கும்

மாசி கழிந்ததும் தருமபுரி, கிருஷ்ணகிரி லேஅவுட் வீடுகளில் ஒரே கேள்விதான். போரில் தண்ணீர் இறங்குகிறது, வாசலில் போட்ட லான் பழுக்கிறது. டேங்கர் வாங்கி ஊற்றுவதா, பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஏதாவது வைப்பதா? அந்த "வேறு ஏதாவது" என்பதற்குள் நாலைந்து வழிகள் உண்டு. செலவு, நிழல், பராமரிப்பு எல்லாமே வழிக்கு வழி மாறும். வீட்டைச் சுற்றி 1,000 சதுர அடி, அதாவது இரண்டே கால் சென்ட்டுக்குச் சற்று மேல் திறந்த மண் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் இடம் இதில் பாதியென்றால் கணக்கையும் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஆண்டு மழை சராசரியாக 850 மி.மீ. அளவில் நிற்கிறது. கடற்கரை மாவட்டங்களைப் போல ஐப்பசி, கார்த்திகையை மட்டும் நம்பும் ஊர்கள் இல்லை இவை. தென்மேற்குப் பருவமும் கொடுக்கும், வடகிழக்கும் கொடுக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் மழை கனம். ஜனவரியிலிருந்து மார்ச் முடிய அநேகமாக ஒன்றும் இருக்காது.

1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 850 மி.மீ. மழையில் அந்த நிலத்தின் மேல் விழுகிற தண்ணீர் சுமார் 79,000 லிட்டர். கூரையும் அதே அளவு என்றால், வீணாவது போக இன்னும் 60,000 லிட்டர் குழாய் வழியே இறங்கும். தண்ணீர் குறைவாக விழுகிறது என்று சொல்ல முடியாது. விழுந்ததில் பெரும்பகுதி கான்கிரீட் நடைபாதையில் ஓடித் தெருச் சாக்கடைக்குப் போகிறது. எந்தத் தோட்டம் தேர்ந்தாலும், மழைத்தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் நாட்டுச் செடியும் கோடையில் வாடும்.

லானை வைத்துக்கொள்வது

கோடையில் புல்தரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் வேண்டும். 93 சதுர மீட்டருக்கு 465 லிட்டர். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்துக்கு 42,000 லிட்டர் அளவு. 6,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் ஏழு நடை. இத்தனைக்கும் இது புல்லைப் பச்சையாக வைத்திருக்க மட்டும் ஆகும் தண்ணீர். வெட்டுவதும், களை எடுப்பதும், யூரியா தூவுவதும் தனி.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் தப்பிக்கலாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயிலின் கடுமை குறைவு. தருமபுரி நகரம், அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் போன்ற இடங்களில் முழு லான் என்பது ஆண்டுக்கு மூன்று மாதம் கடன் கட்டும் வேலை.

குழந்தைகள் உருண்டு விளையாட இடம் வேண்டும் என்றால் அதற்கான நியாயமான அளவு 150 சதுர அடி. கோடையில் நாளுக்கு 70 லிட்டரில் முடிந்துவிடும். அதையும் கொரியன் புல்லாக வைக்காமல் அருகம்புல்லாக வைப்பது மேல். அருகு தண்ணீர் இல்லாதபோது பழுத்துக் கிடக்கும், ஒரு கோடை மழை பெய்தால் நாலைந்து நாளில் எழுந்துவிடும். கொரியன் புல் அப்படிக் காய்ந்தால் திட்டுத்திட்டாகப் போய்விடும். அருகுக்கு ஒரு கெட்ட குணம், பக்கத்துப் பாத்திக்குள் வேர் ஓட்டும். ஓரத்தில் 9 அங்குல ஆழத்துக்குச் செங்கலை நெடுக்காக நிறுத்திப் புதைத்தால் ஓரளவு அடங்கும்.

பொடுதலையைப் புல்லுக்கு மாற்றாக இப்போது பலரும் சொல்கிறார்கள். தரையோடு படரும், வெட்ட வேண்டியதில்லை, மிதித்தாலும் தாங்கும். ஆனால் அது இயல்பில் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரத்துச் செடி. ஒரு கசிவாவது இல்லாத சரளை மண்ணில் பழுப்பேறிவிடும். பூக்கும் காலத்தில் தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடும் இடத்துக்கு ஆகாது. துணி துவைக்கும் கல்லின் பக்கத்தில் போட்டால் அழகாக இருக்கும்.

ஜல்லி கொட்டிக் கள்ளி வைப்பது

கிரானைட் வெட்டும் மாவட்டம் என்பதால் ஜல்லிக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே இந்த வழி பலருக்குச் சுலபமாகத் தோன்றுகிறது. 1,000 சதுர அடிக்கு 2 அங்குலக் கனத்தில் போட 167 கன அடி, அதாவது ஒன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு (ஒரு யூனிட் 100 கன அடி). ஒரே நாள் வேலை. மறுநாள் போட்டோ எடுத்தால் பிரமாதமாக இருக்கும்.

வெயில் ஏறியதும் கதை மாறும். பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்த ஜல்லி, இருட்டிய பிறகு அதைச் சுவர் மேலும் சன்னல் வழியாகவும் வெளியே விடும். மேற்குப் பார்த்த வீட்டுக்கு முன்னால் ஜல்லி பரப்பினால் முன்னறையில் மாலை ஆறு மணிக்குமேல் உட்கார முடியாது. இரண்டாவது தொல்லை களை. ஓரிரு வருடத்தில் கற்களுக்கு இடையில் புழுதியும் சருகும் சேர்ந்து மண்ணாகிவிடும். அதில் அருகும் கோரையும் முளைக்கும். ஜல்லிக்குள் வேர்விட்ட கோரையைப் பிடுங்குவது வெறும் மண்ணில் பிடுங்குவதைவிடப் பன்மடங்கு கடினம். அடியில் பிளாஸ்டிக் தாள் போட்டவர்களுக்கு மழைநீரும் உள்ளே இறங்காது. நெய்த விரிப்பு போட்டால் நீர் இறங்கும், களை மேலிருந்து முளைப்பது நிற்காது.

நடைபாதைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் ஜல்லி நல்லது. கான்கிரீட் போடுவதைவிட எவ்வளவோ மேல், மழை உள்ளே இறங்கும். தோட்டம் முழுவதற்கும் அது வேண்டாம் என்பது எங்கள் தீர்மானம். தண்ணீரை மிச்சப்படுத்தி மின்விசிறிக்கும் ஏசிக்கும் கட்டுவதில் லாபமில்லை.

மாவும் தென்னையும்

கிருஷ்ணகிரி வீடு என்றால் ஒரு மாமரம் இல்லாமல் மனம் ஆறாது. வைக்கலாம், ஒன்று போதும். வேர் பிடித்துவிட்டால் மா இந்தச் செம்மண்ணைத் தாங்கும். பூ எடுக்கும் காலத்தில் அதிகத் தண்ணீரும் கேட்காது, பிஞ்சு பிடித்த பிறகு கொடுத்தால் போதும். தென்னைதான் இடறும் இடம். காய்க்கும் மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நாலு தென்னை வைத்தால் லானின் பாதிச் செலவு அதற்கே போகும், அதிலும் நிறுத்தவே முடியாத செலவு. புல் காய்ந்தால் மறுபடி முளைக்கும், தென்னை குரும்பை கொட்டிவிட்டுக் கொண்டை சாய்ந்தால் போனது போனதுதான்.

சீதா இந்த மண்ணின் பூர்வீகம் இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆனாலும் தருமபுரிக் குன்றுகளில் தானாக முளைத்துக் கிடப்பதைப் பார்த்தாலே அதன் தாங்கும் திறன் தெரியும். பூர்வீகம் பார்த்து அதை ஒதுக்க வேண்டியதில்லை. காகிதப்பூவும் அப்படியே. தண்ணீர் கேட்காத வெளியூர்ச் செடி ஒன்றிரண்டு இருந்தால் குற்றமில்லை, பரவிக் காட்டை அழிக்காமல் இருந்தால் சரி.

நாட்டுப் புதர்த் தோட்டம்

எங்கள் வாக்கு இதற்குத்தான், சில நிபந்தனைகளோடு. 1,000 சதுர அடியில் நடைபாதைக்கும் உட்காரவும் இடம் விட்டு, சுமார் 40 புதர்களும் 3 சிறு மரங்களும் வைக்கலாம். முதல் கோடையில் புதருக்கு 5 லிட்டர், மரத்துக்கு 20 லிட்டர், வாரம் இரண்டு முறை. வாரத்துக்கு 520 லிட்டர் ஆகிறது. லானுக்கு ஒரு வாரத்துக்கு 3,250 லிட்டர். இரண்டாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். மூன்றாவதில் பதினைந்து, இருபது நாளுக்கு ஒரு நனைப்பு.

இதில் பலர் ஏமாறும் இடம் முதல் இரண்டு கோடை. "நாட்டுச்செடி, தண்ணீரே வேண்டாம்" என்று நர்சரியில் சொல்லிவிடுவார்கள். பையில் வளர்ந்த செடியின் வேர் அந்தப் பை அளவுக்குத்தான் இருக்கும். அது கீழே ஈரத்தைத் தேடி இறங்க இரண்டு பருவம் ஆகும். அதுவரை அது மலைச்சரிவில் தானாக முளைத்த ஆவாரை இல்லை, தொட்டிச்செடிதான்.

நாட்டுச்செடி எல்லாமே வறட்சி தாங்கும் என்பதும் தவறு. இட்லிப்பூ தென்னிந்தியாவின் சொந்தச் செடி. ஆனால் அது ஈரமும் சற்றுப் புளிப்பான மண்ணும் கேட்கும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு ஏறியதும் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகிவிடும். இந்த ஊருக்குப் பொருத்தமானவை வேறு:

ஆவாரை முதலிடம். முழு வெயில், சரளை மண், வருடத்தில் பல மாதம் மஞ்சள் பூ. ஆணிவேர்ச் செடி என்பதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. விதைபோட்டு வளர்ப்பதே நல்லது. விதைத்தோல் கடினம். கொதித்து இறக்கிய நீரை விதை மேல் ஊற்றி, ஆறவிட்டு இரவு முழுக்க ஊறவைத்து, உப்பிய விதைகளை மட்டும் ஆடியில் ஊன்றுங்கள். ஓரிடத்துக்கு மூன்று விதை, முளைத்ததும் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். தினமும் தண்ணீர் ஊற்றினால் தண்டின் அடி அழுகிச் சாகும், வறட்சியில் சாவதைவிட இப்படிச் சாவதுதான் வீடுகளில் அதிகம்.

மஞ்சள் பூ மந்தாரை இரண்டு ஆள் உயரத்துக்குள் நிற்கும், வெட்டினால் புதராக அடங்கும். பவளமல்லி பாதி நிழலிலும் வரும். பிரண்டையைச் சுவரோரத்தில் போட்டால் மறந்துவிடலாம், துவையலுக்கும் ஆகும். சங்குப்பூ, முல்லை இரண்டையும் கம்பி கட்டி ஏற்றலாம், முல்லைக்கு மட்டும் கோடையில் கொஞ்சம் கூடுதல் கவனம். துளசியும் திருநீற்றுப் பச்சிலையும் வாசல் ஓரத்துக்கு. சரிவான இடத்தில் மண் கரைவதை நிறுத்த வெட்டிவேரை ஒரு முழத்துக்கு இரண்டு தூர் வீதம் வரிசையாக வையுங்கள்.

இதன் பெரிய குறை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று. கோடையில் இந்தத் தோட்டம் பச்சைப் பசேலென்று இருக்காது. இலையுதிர் காட்டுச் செடிகள் பிப்ரவரி முதல் இலையைக் கொட்டிச் சும்மா நிற்கும், அதுதான் அவை தண்ணீர் சேமிக்கும் முறை. பட்டுப்போய்விட்டது என்று வெட்டியவர்கள் உண்டு, பயந்து தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைத்தவர்களும் உண்டு. நகத்தால் கிளையின் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வருடம் முழுக்கப் பச்சை வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆடாதோடை, மருதாணி, நொச்சி போன்றவற்றை முன்வரிசையில் வைத்து, இலை உதிர்ப்பவற்றைப் பின்னால் தள்ளலாம்.

வேலிக்கு நாலு செடி

வேலி விஷயத்தில் தேர்வு ஆட்டைப் பொறுத்தது. தெருவில் ஆடு வருமா? வரும் என்றால் ஆடாதோடை, நொச்சி இரண்டில் ஒன்று.

ஆடாதோடையை 2 அடிக்கு ஒன்றாக நட்டால் இரண்டு வருடத்தில் இடைவெளி மூடிவிடும். இலை பெரிது, பச்சை அடர்த்தி. பாதி நிழலும் தாங்கும். இருமல் கஷாயத்துக்குப் பக்கத்து வீட்டார் வந்து பறிப்பார்கள், அது தனிக் கணக்கு. நொச்சிக்கு 3 அடி இடைவெளி வேண்டும், காம்பவுண்ட் சுவரிலிருந்தும் 3 அடி தள்ளி நடுவது நல்லது. விட்டால் மரமாகிவிடும், ஆண்டுக்கு இரண்டு முறை இடுப்பளவுக்கு வெட்டியே ஆக வேண்டும். இரண்டுமே போத்து வைத்து வருபவை. பென்சில் கனத்தில் 8 அங்குலக் குச்சி, பாதி மண்ணுக்குள், ஆடி மழையில். நர்சரிச் செலவே இல்லை.

மருதாணிக்கு 1 முதல் 1½ அடி. வெட்ட வெட்ட நெருங்கும். முதிர்ந்த கிளையின் நுனி முள்ளாகும். சிறு பிள்ளைகள் ஓடும் பாதையோரத்தில் வேண்டாம், வெளிவேலிக்கு அதுவே பலம்.

கிளுவை கொங்குப் பக்கத்து மானாவாரிக் காடுகளின் பழைய வேலி. 4, 5 அடி நீளக் குச்சிகளை ஓர் அடி புதைத்து, ஓர் அடிக்கு ஒன்றாக நட்டு, குறுக்கே மூங்கில் பிளாச்சு கட்டினால் நட்ட அன்றே வேலி. முள்ளும் உண்டு, தண்ணீரும் கேட்காது. கோடையில் இலை முழுக்க உதிர்ந்துவிடும் என்பதால் மறைப்பு வேண்டுபவருக்கு உதவாது. தோட்டத்தின் பின்பக்கம், மாட்டைத் தடுக்க, அதைவிட மலிவான வேலி இல்லை.

வேலிக்கு என்று கேட்டால் நர்சரிகளில் கோனோகார்பஸை நீட்டுவது வழக்கமாக இருந்தது. தமிழக அரசு அதற்கு 2025-ல் தடை போட்டிருக்கிறது. அலங்கார உண்ணிச்செடி என்று வண்ண வண்ணமாக விற்பதையும் தொட வேண்டாம். மாவட்டத்தின் காப்புக்காடுகளில் புதர் முழுக்க அதுதான் ஏறி உட்கார்ந்திருக்கிறது, வீட்டிலிருந்து பறவை தின்று விதையைக் கொண்டுபோக இன்னொரு வழி திறக்க வேண்டியதில்லை.

மரம் எவ்வளவு தள்ளி

சிறு இடத்துக்கு வெப்பாலை, சரக்கொன்றை, நெல்லி ஆகியவை பொருந்தும். வெப்பாலை மெல்லிய மரம், வெள்ளைப் பூ, சுவரிலிருந்து 8 அடி போதும். சரக்கொன்றை சித்திரையில் இலை இல்லாமல் பொன் சரமாய்த் தொங்கும். 10 அடி தள்ளி நடுங்கள். கேட்கும்போது சரக்கொன்றை என்றே கேளுங்கள். வெறும் "கொன்றை" என்றால் மஞ்சள் பூக்கும் வேறு மரத்தைக் கொடுப்பதுண்டு. அதில் ஒன்று நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில் ஆக்கிரமித்து, வனத்துறை இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கும் மரம். காயைப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: சரக்கொன்றைக் காய் உருண்டு திரண்டு, முழ நீளத்தில் கருத்துத் தொங்கும். நெல்லி ஒன்றாக வைத்தால் காய்ப்பு குறைவு. இரண்டு வெவ்வேறு ஒட்டு ரகங்களாக வையுங்கள்.

புங்கன், வேம்பு இரண்டும் இந்த ஊரின் நிழல். ஆனால் இரண்டே கால் சென்ட்டில் இரண்டையும் திணிக்கக் கூடாது. புங்கனுக்குச் சுவரிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் 15 அடி, வேம்புக்கு 20 அடி. இடம் இருந்தால் மேற்கே ஒரு புங்கன். மாலை வெயிலை அது ஒன்றே தடுத்துவிடும்.

மரக்கன்று வாங்கும்போது ஐந்தடி உயரத்துக்குப் பணம் கொடுப்பதைவிட ஒன்றரை அடிக் கன்று வாங்குவது புத்திசாலித்தனம். பெரிய கன்றின் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முறுக்கேறியிருக்கும். நட்ட பிறகும் அதே வட்டத்தில் சுற்றும், நாலாம் வருடம் காற்றுக்குச் சாயும். வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் கிடைக்கும். பழமர ஒட்டுக்கன்றுக்கு, காவேரிப்பட்டணம் அருகே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். ஓசூர் நர்சரிகள் பெரும்பாலும் அலங்காரச் செடிக்கும் ரோஜாவுக்குமே.

தண்ணீர் கொடுக்கும் வழி

ஹோஸ் பிடித்துத் தெளிப்பது எல்லாவற்றிலும் மோசம். மேலே ஓர் அங்குலம் நனையும், வேர் அந்த ஓர் அங்குலத்துக்கு ஏறி வரும், அடுத்த வெயிலில் வதங்கும்.

சொட்டுநீர் 40 செடிக்கு வசதி, ஆனால் வீட்டு மேல்தொட்டியில் இணைத்தால் ஒரு கணக்குப் பிசகும். மணிக்கு 4 லிட்டர் என்று எழுதியிருக்கும் டிரிப்பர் (சொட்டு விடும் முனை), 10 மீட்டர் உயர அழுத்தத்தில்தான் அந்த அளவு தரும். தரையிலிருந்து 3½ மீட்டரில் இருக்கும் தொட்டியில் மணிக்கு இரண்டே கால், இரண்டரை லிட்டர்தான் வரும். ஆகவே 5 லிட்டர் சேர இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். ஒரு டம்ளரை டிரிப்பரின் கீழ் வைத்து 6 நிமிடம் பிடித்து அளந்தால் உங்கள் வீட்டுக் கணக்கு தெரிந்துவிடும், அதைப் பத்தால் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்பது வரும். உப்புத்தண்ணீர் என்பதால் டிரிப்பர் வாயில் வெள்ளைப் படிவு ஏறி அடைக்கும். கழற்றும் வகை டிரிப்பராக வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். தொட்டிக்கு அடுத்து ஒரு வலை வடிகட்டி கட்டாயம். அணில் குழாயைக் கடிக்கும். மண்ணின் மேல் சருகு பரப்பிப் போடும் மூடாக்குக்கு அடியில் குழாயை ஓட விட்டால் கடிப்பது குறையும்.

மூன்று மரத்துக்கு மட்டும் என்றால் பானை போதும். பூச்சு இல்லாத 5 லிட்டர் மண்பானையைக் கன்றிலிருந்து ஓர் அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து, மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை நிரப்புவது. கன்றின் இருபுறமும் இரண்டு பானை. மூடி போடாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது ஆகும். இரண்டு வருடத்தில் சுண்ணாம்பு ஏறிக் கசிவு நின்றுவிடும், அப்போது வேர் கீழே போயிருக்கும், பானையும் தேவைப்படாது.

இந்த மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல் ஃபுளோரைடு. நிலத்தடி நீரில் அது மிகுந்திருப்பதால்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. மேலே சொன்ன புதர்கள் இதற்கு அசைவதில்லை. ஆனால் டிரசீனா, கார்டிலைன், ஸ்பைடர் பிளான்ட் போன்றவற்றின் இலை நுனி கருகும். உரம் போட்டும் மருந்தடித்தும் பயனில்லை, தண்ணீரை மாற்ற வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைத் தோட்டத்துக்குத் திருப்புவதும் இங்கே நடக்கிறது. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். மழைக்காலத்தில் வளர்ந்த புங்கனுக்கோ வேம்புக்கோ ஊற்றினால் கேடில்லை. சிறு கன்றுக்குத் தினமும் ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு தட்டும், இலை விளிம்பு காயும். வீடு துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை நீர்க்குழாய் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும், 2003 முதல் மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயம். சம்ப் நிரம்பி வழியும் நீரைச் சாக்கடைக்கு விடாமல் புதர்களுக்கு நடுவே ஒரு அகழிக்கு விடுங்கள்: 1 அடி அகலம், 2 அடி ஆழம், 40 மி.மீ. ஜல்லி நிரப்பியது, அஸ்திவாரத்திலிருந்து 8 அடியாவது தள்ளி. 25 மி.மீ. மழை ஒன்றே 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து 2,000 லிட்டர் அளவுக்கு இறக்கும். மரங்களை அந்த அகழியின் ஓரத்தில் நடுவதுதான் சரி.

மாற்றும் வேலை

ஒரே மூச்சில் செய்வதா, இரண்டு தவணையா? நீர் ஊற்ற ஆள் இருந்தால் ஒரே மூச்சு. இருவரும் வேலைக்குப் போகும் வீடென்றால் முதல் ஆடியில் வேலியும் மரமும், அடுத்த ஆடியில் நடுப்பகுதி. எதுவானாலும் நடும் காலம் ஆடி முதல் புரட்டாசி வரை. தை மாதத்தில் நட்டால் வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும்.

லானைக் கோடையிலேயே ஒழிக்க வேண்டும். மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளை ஏப்ரல், மே மாதத்தில் நாலு முதல் ஆறு வாரம் இறுக்கமாக மூடினால் மேல்மண்ணின் களை விதைகள் வெந்துபோகும். கறுப்புத் தாளைவிடத் தெளிவான தாளில்தான் சூடு அதிகம் இறங்கும். கோரைக் கிழங்கு மட்டும் இதற்கெல்லாம் மசியாது. கடப்பாரையால் கிளறிக் கையால் பொறுக்குவதுதான் வழி. லோடு மண் வாங்கும்போதே அதில் கோரைக் கிழங்கு இருக்கிறதா என்று ஒரு கூடை கொட்டிப் பாருங்கள், ஏரி மண்ணில் அது சகஜம்.

குழி புதருக்கு 1½ அடி, மரத்துக்கு 2½ அடி. முதல் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அடியில் பாறையோ இறுகிய கிராவலோ இருக்கிறது. அங்கே மரம் வேண்டாம், மேடு கட்டிப் புதர் வையுங்கள். புது வீட்டு மனைகளில் தோண்டும்போது சிமென்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், சுண்ணாம்புத் தூள் வரும். அவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றும் என்பதால் அப்படியே மூடாமல் வெளியே எடுங்கள். மக்கிய தொழுவுரம் மூன்றில் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு 250 கிராம், மீதி அதே மண். மக்காத சாணம் போட்டால் வேர்ப்புழு வரும். உரம் கூடினால் ஆவாரை கொழுத்துப் படுத்துவிடும், பூக்காது.

மூடாக்கு இல்லாமல் இந்தத் தோட்டம் பாதி வேலைதான் செய்யும். 40 புதருக்கும் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 3 அங்குலம் போட ஏறத்தாழ 85 கன அடி, ஒரு டிராக்டர் டிப்பருக்குள் அடங்கும். நிலக்கடலைத் தோல், மாவிலைச் சருகு, தேங்காய் மட்டைத் தூள், எது மலிவோ அது. செம்மண்ணில் கரையான் உண்டு. காய்ந்த மூடாக்கு தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது பட்டையை ஏறித் தின்னும். தண்டிலிருந்து 4 அங்குலம் சுற்றிலும் வெறும் மண்ணாக விடுங்கள்.

புதர்த் தோட்டம் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் பாம்பைச் சொல்வார்கள், அந்தப் பயம் நியாயமானது. கண்ணாடிவிரியன் ஒளிவது செங்கல் அடுக்கிலும் குவித்த சருகிலும்தான். மூடாக்கைப் பரப்பலாம், குவிக்கக் கூடாது. வீடு கட்டி மிஞ்சிய செங்கல், ஓடு, விறகு எதையும் மூலையில் அடுக்கி வைக்காதீர்கள். புதர்களின் கீழ்க் கிளைகளைத் தரையிலிருந்து ஓர் அடிக்கு நீக்கிவிட்டால் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக் கால் வைக்கலாம். வீட்டுச் சுவரை ஒட்டி 3 அடிக்கு ஜல்லி போட்ட வெற்றுப் பட்டை ஒன்று விடுவது நல்லது, ஜல்லிக்கு இந்தத் தோட்டத்தில் உரிய இடம் அதுவே.

மழைக்காலத்தில் ஆவாரையும் சரக்கொன்றையும் திடீரென்று மொட்டையாகும். மஞ்சள், வெள்ளைப் பட்டாம்பூச்சிகளின் பச்சைப் புழுக்கள் தின்பதால் வருவது. மருந்தடிக்க வேண்டாம், மூன்று வாரத்தில் தளிர்த்துவிடும்.